முந்திரி கேக் விஷயமாக உனக்கு

அன்புள்ள தம்பிக்கு, பெங்களூரில் ஏதோ ஒரு வானளாவிய மாடியில், மேகங்கள் முட்டிக்கொள்ளும் உயரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் என் ஒரே வாரிசுக்கு, காட்டூரில் ஒரு மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து அப்பா எழுதுவது. நீ கைப்பேசியில் அனுப்பிய செய்தி கிடைத்தது. “அப்பா, கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிடுங்க ப்ளீஸ். கல்யாணம் நல்லபடியா முடியட்டும்.” அவ்வளவுதான். பெற்ற தகப்பனுக்குப் பிள்ளை எழுதும் கடிதம் இப்போதெல்லாம் மாத்திரைச் சீட்டை விடச் சின்னதாக வருகிறது. அதற்குப் பதிலாக நான் இந்த மகாகாவியத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. உன் அம்மா படிக்கலாம், உன் சித்தப்பன்மார்கள் படிக்கலாம், உனக்குப் பெண் கொடுக்கிறவர்கள் படிக்கலாம், இடையில் தபால்காரர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறைத்து வைப்பதில் எனக்குள்ள வெறுப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

நான் யார் என்பது உனக்குத் தெரியும். சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்கள் எந்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று கத்திக் கத்தியே ஓய்வு பெற்ற டைம் கீப்பர். என் குரலைக் கேட்டு மலைக்கோட்டை உச்சியில் புறாக்கள் கிளம்பியதுண்டு. லால்குடி வண்டியை நான் விரட்டினால் துறையூர் வண்டியும் பயந்துபோய் சேர்ந்து கிளம்பும். அப்படிப்பட்ட குரலை ஆண்டவன் எனக்குக் கொடுத்தது பஸ்ஸுக்காக என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்காக என்று தெரிந்தது, உனக்கு இரண்டு பல் முளைத்து, எதிர்வீட்டு அக்கா ஆசையாக ஒரு கடலை உருண்டையை உன் வாயில் வைத்த அன்றைக்கு.

உதடு பூரி மாதிரி உப்பியது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. மூச்சு விசில் அடித்தது. புத்தூரில் டாக்டர் ஊசி போட்டு உன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “முந்திரி, பாதாம் எதுவும் தப்பில்லை. நிலக்கடலை மட்டும் ஆகாது. ஒரு துணுக்குக்கூட. இது வளர்ந்தா போயிடும்னு நம்பிடாதீங்க” என்றார். அன்றிலிருந்து நம் வீட்டில் நடந்ததை நீ பார்த்துத்தான் வளர்ந்தாய். கடலை எண்ணெய் டின் தெருவுக்குப் போயிற்று. உன் அம்மா தேங்காய்ச் சட்னிக்குப் பொட்டுக்கடலை எடுக்கும்போதுகூட அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகை மதிப்பீட்டாளரைப் போல ஒவ்வொரு பருப்பாக விசாரித்துத்தான் மிக்ஸியில் போட்டாள். நம் வீட்டுக்கு மேலே பறந்த காக்கை, அலகில் கடலை இருந்தால் அரியமங்கலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. வீட்டுக்குள் அவ்வளவு பத்திரம். ஆனால் ஒரு பிள்ளையை எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க முடியும்? வெளியே கடை இருக்கிறதே. கடையில் அடுத்தவன் சமைக்கிறானே. அடுத்தவன் சமைத்ததை நாம் தின்ன வேண்டுமென்றால், அதில் என்ன இருக்கிறது என்று அவன் வாயால்தானே தெரிய வேண்டும்?

அதனால்தான் நான் கேட்கிறவன் ஆனேன். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு உன்னை அழைத்துப்போனது நினைவிருக்கிறதா? நமக்கு முன்னால் ஒரு பெரியவர், நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டவர், பரிமாறுகிறவரிடம், “ஏம்ப்பா, குருமாவுல பூண்டு உண்டா?” என்று கேட்டார். பரிமாறினவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். “உண்டு சுவாமி. கூட்டுல கெடையாது. ரசத்துல கெடையாது. பொரியல்ல வெங்காயம் மட்டும் போட்டிருக்கு. தேவரீருக்குத் தனியா வாழைக்காய் வச்சிருக்கோம்” என்று ஒரு தவறில்லாமல் ஒப்பித்தார். எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. அடடா, கேட்டால் சொல்லும் தேசத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து, என் முறை வந்ததும், “தம்பி, பொரியல் தாளிச்சது என்ன எண்ணெய்? கடலை எண்ணெயா? பையனுக்கு ஆகாது” என்றேன். அவர் முகம் மூடிக்கொண்டது. “எல்லாரும் சாப்பிடறாங்கல்ல சார்? சாப்பிட்டா என்ன செத்தா போயிடுவாங்க?” என்றார். “ஆமாம் தம்பி, செத்துத்தான் போவான்” என்று நான் அவருக்குச் சொன்னது மெஸ் முழுக்கக் கேட்டது. ஒரு அப்பளம் அதிர்ச்சியில் தானாக நொறுங்கியது. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அன்றைக்கு நமக்குத் தயிர்சாதம் மட்டும்தான்.

பூண்டைக் கேட்டால் பக்தி. கடலையைக் கேட்டால் தகராறு. இந்த ஊரின் சமையல் சாஸ்திரம் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. பூண்டைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு நாலு வீதியும் அந்தக் கடைக்கு வராது, அதனால் சொல்கிறார்கள். கடலையைச் சொல்லாமல் விட்டால் ஒரே ஒரு பையன்தான் வரமாட்டான். ஒருவனுக்காக யார் வாயைத் திறப்பார்?

பிறகு நாம் படை எடுக்காத கடை உண்டா? மணப்பாறையில் முறுக்கு விற்ற அம்மாவிடம் என்ன எண்ணெய் என்று கேட்டதற்கு, “கடையில வாங்குன எண்ணெய்தாங்க” என்றாள். எந்த எண்ணெய் என்றேன். “மஞ்சளா இருக்கும்” என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவளுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காட்டூர் பேக்கரிக்காரர் வேறு ரகம். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், தயாரித்த தேதியின் மேல் இன்னொரு தேதி ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்தால் அதற்கடியில் இன்னொன்று. தோண்டத் தோண்ட வந்தது. “இன்னும் ரெண்டு ஒட்டு போனா கரிகாலன் காலத்துக்குப் போயிடுவோம் போலிருக்கே” என்றேன். “சார், வாங்கினா வாங்குங்க, இல்லாட்டி வச்சிட்டுப் போங்க. உங்களுக்குப் பின்னாடி ஆள் நிக்குது” என்றார். பின்னால் நின்ற ஆளும் “ஏன் சார் டைம் வேஸ்ட் பண்றீங்க?” என்றான். அவன் கையிலும் அதே பிஸ்கட்தான். அவன் திருப்பிப் பார்க்கவே இல்லை. என்னை அன்றைக்கு அதிகம் வேதனைப்படுத்தியது கடைக்காரர் இல்லை, அந்த ஆள்தான். கேட்காதவன் கேட்கிறவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு நம் ஊரில் யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை; இலவசமாகவே நடக்கும்.

பெரிய கம்பெனிப் பாக்கெட்டுகள் வந்த பிறகு விடிவு காலம் பிறந்தது என்று உன் அம்மா நினைத்தாள். பின்பக்கத்தில் எல்லாம் அச்சடித்திருக்கிறது என்றார்கள். அச்சடித்திருந்தது உண்மைதான், எறும்புகள் படிப்பதற்காக. முன்பக்கத்தில் ஒரு மாம்பழம் யானை அளவுக்கு. பின்பக்கத்தில் அதில் மாம்பழம் இல்லை என்ற தகவல் கடுகு அளவுக்கு. நான் பூதக்கண்ணாடி வாங்கினேன். மளிகைக் கடையில் ஒரு கையில் பாக்கெட்டும் ஒரு கையில் பூதக்கண்ணாடியுமாக நின்றபோது, யாரோ துப்பறியும் ஆள் வந்திருப்பதாக வதந்தி பரவி, அடுத்த கடைக்காரர் தராசைத் துடைத்து வைத்தார். சிரிக்கிறாயா? சிரி. அன்றைக்கும் நீ சிரித்தாய். அந்த வயது வரைக்கும் சிரித்தாய்.

அப்புறம் மீசை அரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கல்லூரிக்குப் போன வருஷம், தில்லைநகரில் ஒரு கடையில் உன் நண்பர்களை வைத்துக்கொண்டு, சர்பத்தில் என்ன போடுவீர்கள் என்று நான் கேட்டேன். வெளியே வந்து, ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று நீ சொன்னாய்: “எனக்கு என்ன வேணா ஆகட்டும்பா. நீங்க மட்டும் வெளில கேக்காதீங்க. மானம் போகுது.” நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். தலைக்கவசத்தின் பெரிய சௌகரியம் அதற்குள் முகம் இருப்பது யாருக்கும் தெரியாது. உனக்கு ஆகாததை உனக்காக அறிந்துகொள்ள நான் பட்ட பாடு உனக்கு மானக்கேடாகி விட்டது. மறைத்து விற்றவனுக்கு அந்த மானக்கேடு இல்லை. அவன் கல்லாவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இத்தனை சுற்றும். நித்யா நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் எழுதப்போவதில் அது அடிபட்டுப் போய்விடக் கூடாது. அவள் அப்பாவும் நல்ல மனிதர்; வங்கியில் வேலை பார்த்தவர், யாரையும் அதட்டத் தெரியாதவர். அவருடைய அண்ணன்தான், அதாவது நித்யாவின் பெரியப்பாதான், அந்தக் குடும்பத்தின் கோபுரம். இனிப்புக் கடை முதலாளி. ஸ்ரீரங்கத்தில் ஒன்று, காவிரிக்கு இந்தப் பக்கம் சில என்று கிளைகள். “வீட்டுப் பக்குவம், சுத்தமான நெய், அசல் முந்திரி” என்று அவர் கடைப் பலகையில் பொன்னெழுத்து. அம்மா மண்டபம் சாலை மண்டபத்தில் அவர் வேஷ்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தபோது, நாதஸ்வரக்காரரே ஒரு ஸ்வரத்தை விழுங்கிவிட்டு வழிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

தாம்பூலம் மாற்றியாயிற்று. அடுத்தது அவர்கள் வீட்டு வழக்கம்: பெண் வீட்டுப் பெரியவர் தன் கையால் மாப்பிள்ளைக்கு இனிப்பு ஊட்ட வேண்டும். மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கக் கூடாது, வாயால் வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தமாம். பெரியப்பா வெள்ளித் தட்டில் முந்திரி கேக்கோடு வந்தார், வெள்ளித் தாள் மினுமினுக்க. உன் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். “ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் உங்க வாய்க்குப் பூட்டுப் போட்டுக்குங்க, கேட்டீங்களா” என்று காதோரம் சொன்னாள். முந்திரி உனக்கு ஆகும். அது தெரியும். ஆனாலும் முந்திரி என்று எழுதி வைத்த இடத்தில் முந்திரிதான் இருக்கும் என்று நம்புவதற்கு நான் இந்த ஊரில் வேறு மாதிரி வளர்ந்திருக்க வேண்டும். கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், எனக்கு மெதுவாக என்பது மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும்.

“தப்பா நெனைக்காதீங்க. இதுல நிலக்கடலை ஏதும் சேர்ந்திருக்குங்களா? தம்பிக்கு அது ஆகாதுங்க.”

சம்பந்தி பதறிப்போய், “என்ன சம்பந்தி, எங்க அண்ணன் கடை முந்திரி கேக்குங்க. வெளிநாட்டுக்கெல்லாம் போகுது” என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்தவர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்தார். “கடலையா? எங்க கடையிலயா? அதெல்லாம் பஸ் ஸ்டாண்டு சரக்குங்க. சம்பந்தி அந்தப் பக்கமே இருந்து பழகிட்டாரு, பாவம்!” என்றார். மண்டபம் சிரித்தது. நம் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். என்னைச் சொன்னது எனக்கு உறைக்கவில்லை தம்பி. பஸ் நிலையத்தில் கடலை விற்கிறவன், கூம்பு மடித்து, கடலை என்று கூவித்தான் விற்கிறான். அவன் இதுவரைக்கும் அதை முந்திரி என்று விற்றதில்லை.

உன் காது சிவந்தது. “அப்பா, விடுங்கப்பா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வாயைத் திறந்தாய். அவர் ஊட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். அதோடு விட்டாயா? நான் ஏற்படுத்திய சங்கடத்தைத் துடைக்க வேண்டுமே! தட்டிலிருந்து இன்னொரு துண்டை நீயாகவே எடுத்து, “சூப்பரா இருக்கு பெரியப்பா” என்று எல்லாரும் பார்க்கும்படி தின்றாய். முதல் துண்டு அவர் ஊட்டியது. இரண்டாவது துண்டு, என் கேள்விக்கு நீ கேட்ட மன்னிப்பு.

நித்யாதான் முதலில் பார்த்தாள். “மாமா, இவருக்கு உதடு என்னமோ மாதிரி இருக்கு” என்றாள். அதற்குள் நீ கழுத்துப் பட்டனைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். மாம்பழச் சாலையில் காரை ஏற்றி, காவிரிப் பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றபோது, என் ஆயுளிலேயே உருப்படியான ஒரு கூச்சல் போட்டேன். கண்ணாடியை இறக்கி, இடுப்பு வரைக்கும் வெளியே நீட்டி, பழைய டைம் கீப்பர் குரலில், ஒவ்வொரு பஸ்ஸாகப் பேர் சொல்லி விலக்கினேன். விலகினார்கள். பின் இருக்கையில் உன் தலை அம்மா மடியில். உன் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அது கேட்காமல் போன ஒரு சிறு நேரம் இருந்தது. அதைப் பற்றி மிகைப்படுத்தி எழுத எனக்குக் கூட வரவில்லை.

புத்தூர் ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா, சின்ன வயசு, வேகமாக வெளியே வந்து, “என்ன சாப்பிட்டார்? என்ன சேர்ந்திருந்ததுன்னு சரியா சொல்லுங்க” என்றார். பெரியப்பாவும் பின்னாலேயே காரில் வந்திருந்தார். நான் அவரைக் காட்டினேன். “இவங்க கடைதாங்க.” டாக்டரம்மா அவரை நேருக்கு நேர் பார்த்து, “சார், கடலை மாதிரி ஏதாவது கலந்திருக்கா? யார் மேலயும் குத்தம் சொல்ல வரல. எனக்குத் தெரிஞ்சா போதும்” என்றார். அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உள்ளே நீ நீலம் பாரித்துக் கிடந்தாய். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக உன் கால் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. “முந்திரி, சர்க்கரை, நெய்ம்மா. வேற ஒண்ணும் கெடையாது” என்றார்.

அந்த டாக்டரம்மா அவர் பேச்சை நம்பவில்லை, உன் உடம்பை நம்பினார். அதனால்தான் இன்றைக்கு நீ எனக்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடிகிறது.

நீ பெங்களூருக்குத் திரும்பிய பிறகு அவர் வீட்டுக்கு வந்தார், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக. இதை உன் அம்மா உன்னிடம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, காப்பியை உறிஞ்சிவிட்டு, மழை வருமா என்று கேட்பது போலச் சொன்னார்: “முந்திரி விக்கிற வெலைக்கு எவன் முழுசா முந்திரி போடுவான் சம்பந்தி? கொஞ்சம் நிலக்கடலை மாவு சேக்கறதுதான். எல்லாரும் பண்றாங்க. ருசி மாறாது. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. உங்க பையன் ஒடம்புதான் ஒரு மாதிரி.”

உன் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். வாழ்க்கை முழுக்க என் வாயை அடக்கியவள் வாயைத் திறந்தாள். “அண்ணே, அத டாக்டர் கேட்டப்ப சொல்லியிருக்கலாம்ல?” அவ்வளவுதான் கேட்டாள். அவர், “நாலு பேர் நிக்கறப்ப எப்படிம்மா சொல்றது?” என்றார்.

அப்போதும் நான் சண்டை போடவில்லை, நம்பு. ஒரு சக்கரவர்த்தியின் பெருந்தன்மையோடு சமாதானம் பேசினேன். நஷ்ட ஈடு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், காலில் விழ வேண்டாம். உங்கள் கடையில், அந்தத் தட்டுக்கு முன்னால், இதில் நிலக்கடலை சேர்ந்திருக்கிறது என்று ஒரு சின்ன அட்டை எழுதி வையுங்கள். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றேன். கலப்பதை நிறுத்தச் சொல்லக்கூட இல்லை. கலந்ததைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். “அட்டை வச்சா எவன் சம்பந்தி வாங்குவான்?”

தெரிந்தால் வாங்கமாட்டார்கள். அதனால் தெரியக் கூடாது. வாங்குகிறவன் சம்மதித்துக் காசு கொடுக்கவில்லை, தெரியாமல் கொடுக்கிறான் என்பதை அவர் எவ்வளவு சுத்தமாகப் புரிந்து வைத்திருக்கிறார் பார். அவர் கடையிலேயே கலப்படமில்லாத சரக்கு அந்த ஒரு வாக்கியம்தான். பிறகு எழுந்து, “கல்யாணச் சாப்பாடு, பட்சணம் எல்லாம் என் பொறுப்பு. ஒரு பைசா வாங்க மாட்டேன். மனசுல வச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன்.

அது என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை. வாபஸ் வாங்கத்தான் சொல்கிறாய். கேள். அதிகாரி கடைக்குப் போய் மாதிரி எடுத்தார். அன்றைக்கு அங்கே இருந்தது சொக்கத் தங்கமான முந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போன மாப்பிள்ளையின் கதை ஊரெல்லாம் தெரியும்போது எந்த முதலாளி பழைய மாவை வைத்திருப்பார்? மண்டபத்தில் மிச்சமிருந்த கேக்கைத் தேடிப் போனேன். நீ ஊசியோடு படுத்திருந்தபோதே தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டார்களாம். அதிகாரி மரியாதையான மனிதர். “ஐயா, மாதிரி சுத்தமா இருக்கு. இனி உங்க பையன் வார்த்தைதான். அவர் வந்து, என்ன சாப்பிட்டேன், என்ன ஆச்சுன்னு சொல்லி, ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொடுத்தா மேல பார்க்கலாம். அவர் வரலன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்றார். ஆக, நான் கட்டிய கோட்டை கொத்தளம் எல்லாம் இடிந்து, உன் வாய் ஒன்றுதான் மிச்சம். அந்த வாயிலிருந்து எனக்கு வந்தது “ப்ளீஸ்.”

நித்யாவும் வந்தாள். அதையும் மறைக்கவில்லை. உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். “மாமா, பெரியப்பாதான் என்னை காலேஜ்ல சேர்த்து விட்டாங்க. அப்பாவால முடியல. அவங்க பண்ணது தப்புதான். ஆனா நான் எப்படி மாமா அவங்களுக்கு எதிரா...” என்றாள். அழுதாள். அவள் படிப்புக்குள்ளும் அந்தக் கடலை மாவு கொஞ்சம் போயிருக்கிறது என்று என் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. இந்தப் பாழாய்ப்போன நாக்கு அதையாவது விழுங்கியது. அவளுக்கு நான் ஒரு பதிலும் சொல்லவில்லை. அவள் தொண்டை அடைபடவில்லை, அடைபட்டது உன்னுடையது. பதில் நீதான் சொல்ல வேண்டும்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்குத் தகப்பன்மார்கள் பொறுமையாக இரு, விட்டுக்கொடு, அனுசரித்துப் போ என்று எழுதுவார்கள். எல்லாவற்றிலும் விட்டுக்கொடு தம்பி. சுவருக்கு என்ன வர்ணம், தீபாவளி எந்த வீட்டில், பிள்ளைக்கு என்ன பெயர், எல்லாம் அவள் இஷ்டம். உன் வாய்க்குள் என்ன போகிறது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. அதை அறிந்துகொள்வதால் நீ யாருக்கும் மரியாதைக் குறைவு செய்துவிடவில்லை. காசு கொடுத்து வாங்கினாலும் சரி, அன்பாக ஊட்டினாலும் சரி, ஊட்டுகிற கை சொல்லக் கடமைப்பட்டது. சொல்ல மறுக்கிற கை எவ்வளவு வெள்ளித் தட்டு ஏந்தினாலும் அது கையே இல்லை. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அதற்கும் உன்னைப் போலவே இருந்தால், உனக்கு என்னைப் போல ஊரைக் கூட்டும் குரல் கிடையாது. உன் சின்னக் குரலிலேயே கேட்டுப் பழகிக்கொள்.

வாபஸ் வாங்க நான் போகமாட்டேன். கல்யாணத்துக்கு வருவேன். அம்மாவின் பையில் ஊசி மருந்து இருக்கும். போடக் கற்றுக்கொண்டுவிட்டாள், ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பழகினாள், பார்க்கச் சகிக்கவில்லை. முகூர்த்தம் முடிந்ததும், அவர்கள் வழக்கப்படி பெரியப்பா மறுபடியும் தட்டோடு வருவார். அன்றைக்கு நான் கேட்கமாட்டேன். பூட்டுப் போட்டுக்கொள்ளப்போகிறேன், உன் அம்மாவுக்கும் உனக்கும் பரம சந்தோஷமாக. கழுத்தில் மாலையோடு, நாலு பேர் நிற்கும்போது, நீ கேள். “பெரியப்பா, இதுல என்ன போட்டிருக்கீங்க? அன்னிக்கு என்ன போட்டிருந்தீங்க?” அவர் வாயால் உண்மை வந்தால், அதுதான் நான் கேட்ட அட்டை, மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்குகிறேன். வராவிட்டால், கல்யாணம் முடிந்ததும் நீ வருவாய் என்று அதிகாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ போய் உன் வார்த்தையைச் சொல்.

ஒன்றுமே கேட்காமல் நீ வாயைத் திறந்தாயானால், என்னைத் தேடாதே. நான் அதற்குள் மண்டபத்தை விட்டு இறங்கியிருப்பேன். உன் மூச்சு நின்றபோது ஒரு தடவை பக்கத்தில் இருந்துவிட்டேன். இன்னொரு தடவை இருக்க என்னால் ஆகாது.

அப்பா